சேர்த்து எழுதின ஆப்

“ஆப் சொதப்பினதுக்கு நான் எழுதின புரோகிராம் கோடுதான் காரணம்னு சேலைக்கடைக்காரங்க வாட்ஸ்ஆப் குரூப்புல பொய் எழுதினது நீங்கதான், அண்ணா.”

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் சொன்னாள். அவள் பக்கத்தில் ஜன்னலோரம் லேப்டாப் பையோடு இருந்தவன் சிரித்தான். ஒரு சேலைக்கடை ஆப்புக்கு டிசைன் போட்டவன் அவன், அதன்படி புரோகிராம் எழுதினவள் அவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கே எரிச்சலாக இருந்தது.

“இன்னாம்மா, பஸ்ஸுல வெச்சி. பெரிய கம்பெனிங்க எல்லாம் மைக்ரோசர்வீஸ்தான், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி புரோகிராம்.”

“அங்க ஆர்டருக்கு ஒரு டீம், ஸ்டாக்குக்கு ஒரு டீம். இங்க எல்லாத்துக்கும் நான் ஒருத்தி. நீங்க ஆர்டர் தனி, ஸ்டாக் தனின்னு கிளவுடுல பிச்சிப் போட்டீங்க. ஸ்டாக் புரோகிராம் படுத்துக்கினு இருந்துச்சி, அது தெரியாம ஆர்டர் புரோகிராம் வாங்கிக்கினே இருந்துச்சி. ஒரே பட்டுச்சேலையை ரெண்டு கல்யாணப் பொண்ணுங்களுக்கு வித்துட்டோம்.”

“இப்ப?”

“எல்லாத்தையும் ஒரே புரோகிராமா சேத்து, கிளவுடுல ஒரே மெஷின்ல வெச்சிட்டேன். வரலட்சுமி விரத சேல்ஸ் முழுக்க ஒரு ஆர்டர் தப்பல. என்னை வேலைய வுட்டு நிறுத்தறேன்னு சொன்ன ஓனரே, புத்தூர் கடைக்கும் நீயே எழுதும்மான்றாரு.”

“சந்தோஷம். அப்புறம் இன்னா, வுடு.”

திருப்பதி பஸ் ஸ்டாண்டு வந்தது. அவன் எழுந்தான். அவள் வழிவிடக் காலை நகர்த்தவில்லை.

“எங்க வுடறது? உங்க பொய்யை எல்லாரும் படிச்சாங்க. ஒருத்தி பாத்துக்கற ஆப்பை எதுக்கு அத்தனை துண்டாக்கினீங்க? அதே குரூப்புல, எல்லாரும் படிக்கற மாதிரி பதில் எழுதுங்க. எழுதிட்டு எறங்குங்க.”