என் வீட்டு நாய்க்கும் ஏசி

மாமனார்: இருங்க மாப்ளை, உங்க பாட்டுல அந்த இடத்த மறுபடி போடுங்க. ‘தூக்கத்த வித்தேன், தங்கத்த வாங்குனேன்’... அப்படின்னா என்ன?

மாப்பிள்ளை: ராத்திரி பகலா உழைச்சேன்னு அர்த்தம் மாமா. ராப் பாட்டுன்னா அப்படித்தான். சரி, நான் வந்த விஷயம் என்னன்னா...

மாமனார்: அது கிடக்கட்டும். நீங்க எந்திரிக்கறதே பதினோரு மணிக்குன்னு எம்பொண்ணு சொன்னாளே?

மாப்பிள்ளை: அவ எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா. பத்தரை.

மாமனார்: அப்ப தங்கம்?

மாப்பிள்ளை: எந்தத் தங்கம்?

மாமனார்: வீடியோவுல கழுத்து நிறையத் தொங்குச்சே! பேக்கரியில கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் கேக்குறாங்க, உம்மாப்ளை அவ்ளோ பெரிய ஆளான்னு. எனக்குத் தலை கால் புரியல.

மாப்பிள்ளை: அது... வாடகைச் செயின் மாமா. மழையில நனைக்காதன்னு சொல்லித்தான் குடுத்தான்.

மாமனார்: தங்கம் நனைஞ்சா என்னவாம்?

மாப்பிள்ளை: ...சாயம் போயிரும்.

மாமனார்: ம்... அந்தக் காரு?

மாப்பிள்ளை: தெருவுல நின்னுச்சு, சாஞ்சுக்கிட்டேன். ஓனர் வர்றதுக்குள்ள எடுத்து முடிச்சிட்டோம்.

மாமனார்: ‘என் வீட்டு நாய்க்கும் ஏசி’ங்கறீங்களே, அதாவது...

மாப்பிள்ளை: நாயே இல்ல மாமா. முந்தின வரி ‘வீசு’ன்னு முடிஞ்சுது. ஜோடியா ஒண்ணு வேணும்ல?

மாமனார்: ‘முதலாளி மூஞ்சில வேலைய வீசு’... இதுவும் சும்மாதானா?

மாப்பிள்ளை: எனக்கு ஏது மாமா முதலாளி? நான் வேலைக்கே போனதில்லையே!

மாமனார்: ‘நான் நான்’னு நெஞ்சுல தட்டித் தட்டிப் பாடுறீங்க?

மாப்பிள்ளை: எல்லாரும் அப்படித்தான் பாடுவாங்க. அத நெசம்னு எவனாவது எடுத்துப்பானா?

மாமனார்: ...அந்தச் சொம்ப எடுங்க.

மாப்பிள்ளை: இந்தாங்க. என்ன மாமா, இப்படி வேர்க்குது?

மாமனார்: அடுப்பு முன்னாடியே நின்ன உடம்பு. ஃபேனுக்குக் கீழயும் வேர்க்கும்.

மாப்பிள்ளை: ஆமா, இன்னிக்கு பேக்கரிக்குப் போகலியா?

மாமனார்: போயிட்டு வந்துட்டேன். நீங்க வந்த விஷயத்தச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: சொல்லவே வெக்கமா இருக்கு... பாட்ட ஊரே கேக்குது, சல்லிக்காசு வரல. உங்க பொண்ணு நேத்து முடிவா சொல்லிட்டா. வந்தா வேலையோட வா, இல்ல அப்பா வீட்டுலயே இருந்துக்கோன்னு.

மாமனார்: இது அவ அப்பா வீடுல்ல?

மாப்பிள்ளை: எங்கப்பா வீடு தூரம் மாமா. கையில பஸ்ஸுக்குக்கூட இல்ல.

மாமனார்: அட கடவுளே...

மாப்பிள்ளை: அதான்... உங்க பேக்கரியில எதாவது வேலை... மூட்டை தூக்கச் சொன்னாலும் சரி. முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா தட்ட மாட்டாரு.

மாமனார்: வேலை இருக்கு. அடுப்பு வேலை. காலைலதான் காலியாச்சு.

மாப்பிள்ளை: அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க மாமா! யாரு நின்னது?

மாமனார்: நான்தான். இனிமே என்னைய எம்மாப்ளை பாத்துப்பாருன்னு, முதலாளி முன்னாடி நின்னு உங்க பாட்ட முழுசா பாடிட்டு வந்துட்டேன்.