தங்கச்சி போட்ட அபராதம்

அண்ணன்: சாவியைக் குடு.

தங்கை: அண்ணா, இது ஸ்டேஷன். கொஞ்சம் மெதுவாப் பேசு.

அண்ணன்: எதுக்கு மெதுவா? நடுரோட்டுல, சிக்னல்ல, அத்தனை பேர் பாக்க என்னை ஓரங்கட்டினியே, அப்ப மெதுவாவா விசில் ஊதின? கூடப் பொறந்த அண்ணன்னு ஒரு இது வேணாம்?

தங்கை: ஹெல்மெட் இல்லாம இந்த மாசத்துல மூணாவது தடவை மாட்டியிருக்க. மூணாவது தடவைன்னா வண்டியை எடுத்து வைக்கணும். சட்டம்.

அண்ணன்: பெரிய சட்டம்! மொட்டை வெயில்ல அந்தச் சட்டியைத் தலையில கவுத்துக்கிட்டு அரை மணி நேரம் நின்னு பாரு. உள்ள மூளை வெந்துடும்.

தங்கை: அந்த வெயில்லதான் நான் எட்டு மணி நேரம் நிக்குறேன்.

அண்ணன்: குறுக்க பேசாத. பதினெட்டு வருஷமா மெக்கானிக். இந்த ஊர்ல ஓடுற பாதி வண்டி என் கை பட்டது. எனக்கு ஓட்டத் தெரியாதா?

தங்கை: உனக்குத் தெரியும். எதுத்தாப்ல வர்ற லாரிக்காரனுக்கு?

அண்ணன்: அப்ப லாரிக்காரனைப் பிடி! மார்க்கெட் முக்குல ஒரு பள்ளம் கிடக்கே, மழை பெஞ்சா எருமை படுத்துக் குளிக்கலாம். ஆறு மாசமா அதை மூட ஒருத்தனுக்கும் வக்கில்ல. என் தலையை மூட மட்டும் ஓடி வந்துட்டீங்க.

தங்கை: அது நியாயம்தான்...

அண்ணன்: நியாயம்தானே? சாவியைக் குடு.

தங்கை: பள்ளம் நியாயம். சாவி கிடையாது.

அண்ணன்: நக்கலு! ஏம்மா, விழுந்தா உடையப் போறது என் மண்டை. அதுல கவர்மெண்டுக்கு என்ன வந்துச்சு?

தங்கை: உடைஞ்சா ரோட்டுலேருந்து அள்ளுறது யாரு? அண்ணிக்குப் போன் போட்டு, எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு நிக்குறது யாரு? கவர்மெண்டா? நானு.

அண்ணன்: இப்படியே பயங்காட்டு. போன வாரம் கட்சி ஊர்வலம் போச்சே... நூறு வண்டி. ஒரு தலையில ஹெல்மெட் இருந்துச்சா? முன்னாடி பின்னாடி பாதுகாப்புக்குப் போனதே நீங்கதான். அவங்க தலையெல்லாம் இரும்பு, என் தலை மட்டும் பானையா?

தங்கை: அதுவும் தப்புதான்.

அண்ணன்: தப்புதானே? உங்க ஏட்டய்யா வெறும் தொப்பியை மாட்டிக்கிட்டுப் பறக்குறாரே, அவருக்கு அபராதம் எழுது பாப்போம்.

தங்கை: எழுதிட்டேன்.

அண்ணன்: என்னது?

தங்கை: இன்னைக்குக் காலையில. உனக்கு முன்னாடி அவருக்குத்தான் எழுதினேன்.

அண்ணன்: ஏட்டய்யாவுக்கா! உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்காத.

தங்கை: கத்தினாரு. கத்தட்டும். இனிமே யாரா இருந்தாலும் விடுறதில்லைன்னு நேத்து... சரி, அதை விடு.

அண்ணன்: நேத்து என்ன?

தங்கை: ஒண்ணுமில்ல. நீ பஸ்ஸைப் பிடி. நாளைக்கு ஹெல்மெட்டோட வந்து வண்டியை எடுத்துட்டுப் போ. நான் ஒண்ணு வாங்கிக் குடுத்தேனே, எங்க அது?

அண்ணன்: கடையில இருக்கு. நட்டு போல்ட்டு போட்டு வெச்சிருக்கேன்.

தங்கை: நட்டு போல்ட்டா!

அண்ணன்: நல்ல ஆழம்... ஒண்ணு கூடக் கீழ சிந்துறதில்ல. சரி, என் வண்டியையாவது பாத்துட்டுப் போறேன். பின்னாடி வெயில்லயா போட்டு வெச்சிருக்க? பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?

தங்கை: அண்ணா, அந்தப் பக்கம் போகாத.

அண்ணன்: ஏன், அங்க என்ன புதையலா... ஏய், இந்தச் சிவப்பு வண்டி கணக்கு வாத்தியாரோடது இல்ல? போன வாரம்தான் பிரேக் மாத்திக் குடுத்தேன். எறும்பு போனாக்கூட ஒதுங்கிப் போற மனுஷன். அவர் வண்டியையும் பிடிச்சுட்டியா? உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா? ஹேண்டிலை வேற இப்படி வளைச்சு...

தங்கை: அவர் வண்டியை நான் பிடிக்கல.

அண்ணன்: பிடிக்காம எப்படி இங்க... என்னம்மா இது, டேங்க் மேல? ரத்தமா?

தங்கை: நேத்து சாயங்காலம். நாய் குறுக்க வந்திருக்கு.

அண்ணன்: பிரேக்கு... நான் போட்ட பிரேக்கா?

தங்கை: பிரேக் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. அவர்தான் தூக்கி எறிஞ்ச மாதிரி நடைபாதை ஓரத்துல போய் விழுந்தாரு. வெறும் தலை.

அண்ணன்: ஐயோ... உசுரு?

தங்கை: இருக்கு. கண்ணு முழிச்சுட்டாரு. பொண்டாட்டியைப் பாத்து, ‘நீங்க யாரும்மா?’ன்னு கேக்குறாரு. அந்தம்மா சொல்லச் சொல்ல, திரும்பத் திரும்ப அதையே கேக்குறாராம்.

அண்ணன்: எந்த இடத்துல?

தங்கை: என் சிக்னலைத் தாண்டி... அடுத்த தெரு.

அண்ணன்: உன் சிக்னலா? அப்ப உன்னைத் தாண்டித்தானே போயிருக்காரு! என்னை நிறுத்தத் தெரியுது, ஏட்டய்யாவை நிறுத்தத் தெரியுது, அந்த மனுஷனை நிறுத்தத் தோணலையா? நீயெல்லாம் என்ன போலீசு!

தங்கை: நிறுத்தினேன்.

அண்ணன்: நிறுத்திட்டு?

தங்கை: ‘உங்க அண்ணன் கடையிலதாம்மா வண்டி விடுறேன். “மாட்டினா என் தங்கச்சி பேரைச் சொல்லுங்க, விட்டுடுவா”ன்னு அவர் சொல்லியிருக்காரு’ன்னாரு. சொன்னியா, அண்ணா?

அண்ணன்: ...சொன்னேன். கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவேன். என் தங்கச்சி போலீசுன்னு ஒரு பெருமை... அதுக்காக நீ விட்டுடுவியா?

தங்கை: சிரிச்சேன், அண்ணா. என் அண்ணனுக்கு என் மேல எவ்வளவு பெருமைன்னு சிரிச்சுக்கிட்டே, மத்த வண்டியெல்லாம் நிறுத்தி, ‘நீங்க போங்க சார்’னு அவருக்கு மட்டும் வழி விட்டேன்.