கையால் எழுதிய மாற்றுவழி

எங்கள் வீட்டில் என் போனுக்கென்று தனியாக ஒரு ஸ்டூல் உண்டு, ஐயா. குளிக்கப் போகும்போது அதைக் குளியலறை வாசலில் போட்டு, மேலே போனை வைத்துவிட்டுப் போவேன். மணி அடித்தால் சோப்புக் கையோடு வெளியே வர வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் என் குளியல். என் மனைவி பூர்ணிமா முதலில் சிரித்தாள், பிறகு சண்டை போட்டாள், இப்போது அவளே ஸ்டூலை எடுத்து வைக்கிறாள்.

எங்கள் யூனிட் சூப்பர்வைசர் வேலாயுதம் பத்தொன்பது நாளாக ஜெயிலுக்குள்ளே இருக்கிறார். அவரை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் வந்தேன். கழிவுநீர்த் தொட்டியில் ஜோசுவாவை அவர் தன்னிஷ்டத்துக்கு இறக்கவில்லை. என்னைக் கேட்டுத்தான் இறக்கினார்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கம்பெனியின் கணினி, நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் கம்பெனிக்கு ஆம்பூரில் இரண்டு இடங்கள். ஹைவேயை ஒட்டி ஆபீஸ், பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடும் யூனிட். இரண்டையும் ஒரு ஃபைபர் கேபிள் இணைக்கிறது. இரு முனையிலும், தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ரூட்டர் ஒவ்வொன்று. அவை பத்து விநாடிக்கு ஒருமுறை ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளும். நாற்பது விநாடி பதில் வராவிட்டால், அந்த வழி செத்துவிட்டது என்று தாமாகவே அழித்துவிடும். அந்த நேரத்துக்கென்று நாங்கள் கையால் ஒரு மாற்றுவழி எழுதி வைப்போம். ஸ்டாட்டிக் ரூட் என்பார்கள். அது யாரையும் விசாரிக்காது. போ என்று எழுதிய இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

இதில் பலர் ஒரு தப்பு செய்வார்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு எண் உண்டு. எண் குறைந்த வழிக்கே முன்னுரிமை. ஃபைபர் வழிக்கு நூற்றுப்பத்து. கையால் எழுதியதைச் சும்மா விட்டால் அதற்கு ஒன்று. அப்புறம் நல்ல வழி இருக்கும்போதே மாற்றுவழிதான் ஓடும். நான் இருநூற்றைம்பது என்று கொடுத்தேன். ஃபைபர் இருக்கும்வரை அது தலைகாட்டாது. அந்த வரியை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், குறை சொல்ல முடியாது.

முதலில் அந்த மாற்றுவழி மேல்நிலைத் தொட்டியில் கட்டியிருந்த ரேடியோ வழியாகப் போனது. ஏப்ரல் காற்றில் யூனிட் பக்கத்து டிஷ் விழுந்து உடைந்தது. மேனேஜர் அப்துல் வஹீத் சாரிடம் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். "பாக்கலாம் கோதண்டம்" என்றார். மூன்றாவது முறை கேட்க எனக்குச் சலிப்பாக இருந்தது.

அதே மாதம்தான் ஷர்மிளா மேடம் சென்சர் வைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி. நாட்றம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பெண், வேலையில் சுத்தம். தொட்டி வாயில் விஷவாயு எவ்வளவு என்று சென்சர் ஆபீஸ் கணினிக்குச் சொல்லும். பத்துக்குக் கீழே இருந்தால்தான் ஆள் கிட்டப் போகலாம். அடுத்தடுத்து இரண்டு முறை பத்தைத் தாண்டினாலும், ஒரு நிமிடம் அளவே வராவிட்டாலும், கணினி செல்போன் வழியாக யூனிட் சைரனை அடித்துவிடும். தெரியவில்லை என்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குதான்.

ஆனால் ஹைவேயில் கால்வாய் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஃபைபர் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போய்ப் போய் வந்தது. போகும்போதெல்லாம் சைரன். முந்நூறு பேர் கேட்டுக்கு வெளியே வந்து மே மாத வெயிலில் நிற்பார்கள். நிற்பவர்களில் பாதிப் பேர் எனக்கு போன் செய்வார்கள். ஒருநாள் அம்சவேணி என்ற பெண் பேசினாள். "சார், எனக்கு ஆறாம் மாசம். இன்னைக்கு நாலாவது வாட்டி நிக்கிறேன். ரொம்ப பேஜாரா இருக்குது சார், எதுனா பண்ணுங்க" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. களைப்பாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என் மேஜைக்கடியில் பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தது. சென்சரின் முகவரியையே அதற்கும் கொடுத்தேன். கேட்டால் அளவு சொல்லும்படி பதினைந்து வரி எழுதினேன். இரண்டு, மூன்று, நான்கு, மாற்றி மாற்றி. ஒரே எண் வந்துகொண்டிருந்தால் ஷர்மிளா மேடம் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ரூட்டரில் மாற்றுவழி போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றினேன். ரேடியோவுக்குப் பதில், மேஜைக்கடியில். ஃபைபர் போனால் நாற்பதாவது விநாடியில் அந்த வழி எழும், கணினிக்கு நல்ல அளவு வரும், அறுபதாவது விநாடியின் சைரன் அடிக்காது. ஃபைபர் வந்ததும் ஒதுங்கிவிடும்.

மறுநாள் எனக்கு வந்த போன் இரண்டே இரண்டு. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகக் குளித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு யூனிட்டில் தோல் ஊறும் எல்லா டிரம்மையும் நிறுத்துவார்கள். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை தொட்டிக்குத் தண்ணீர் வராது. அடியில் சேரும் சேற்றையும் முடியையும் அள்ள அதுதான் நேரம். ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மோட்டார் அடைத்துக்கொண்டால் இறங்குவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். தொட்டியோரம் அளவு காட்டும் சிறிய திரை அமிலக் காற்றில் அரித்துப்போயிருந்தது. அதனால் வேலாயுதம் எனக்கு போன் செய்து அளவு கேட்டுக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கூப்பிட்டார்.

"கோதண்டம் சார், ரீடிங் இன்னா காட்டுது?"

"மூணு."

"அவ்ளோ கம்மியா? காலைல நாத்தம் ஜாஸ்தியா இருந்துச்சே. ஒருவாட்டி நல்லா பாத்துச் சொல்லுங்க சார், ஜோசுவா எறங்கறான்."

மறுபடியும் பார்த்தேன். அதற்குள் மாறியிருந்தது. "ரெண்டு" என்றேன்.

"சரி சார், சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

ஜோசுவா ஏணியில் நாலு படி இறங்கியதும் விழுந்தாராம். அவரைத் தூக்கப் போன கூட்டாளி கார்முகிலனும் மேலே வரவில்லை. மூன்று மணிக்கு ஃபைபரை ஒட்டினார்கள். தொட்டி வாயில் சென்சர் நாற்பத்தாறு காட்டியது, உள்ளே அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும். பதிவேட்டில் அந்த நேரத்துக்கு இரண்டு, மூன்று என்று இருந்ததால் சென்சர் மேல் பழி விழுந்தது, இறக்கிவிட்ட வேலாயுதம் மேல் கேஸ் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஜோசுவாவின் மனைவி மேகலாவைப் பார்த்தேன். அழவில்லை. "அவருக்கு மூக்கு ரொம்ப கூர்மை சார். லேசா வாடை வந்தாகூட எறங்க மாட்டாரு. மிஷின்ல பாத்துச் சொல்லிட்டாங்கன்னுதான் எறங்கிருக்காரு" என்றாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. திரையில் இரண்டு என்றுதான் இருந்தது. நீங்கள் கேட்கப்போவது வேறு. ஃபைபர் போனது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கே என் போனுக்குச் செய்தி வந்தது. அது போவதற்கு முன் சென்சர் கடைசியாகச் சொன்ன அளவையும் பார்த்தேன். நாற்பத்தொன்று. சைரன் அடிக்க வேண்டிய அளவு, ஆனால் ஒரு முறைதான் வந்தது, இரண்டாவது முறை வருவதற்குள் கேபிள் அறுந்துவிட்டது. கேபிள் அறுகிற நேரத்தில் வந்த தப்பான எண் என்று எடுத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படி நினைத்தேனா என்று கேட்டால், நினைக்கப் பிடித்திருந்தது. "தெரியல, எறங்காதீங்க" என்று வேலாயுதத்திடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் தெரியவில்லை என்று கேட்பார். ஷர்மிளா மேடம் கூப்பிடுவார்கள். மேஜைக்கடியில் பார்ப்பார்கள். அத்தனையும் பேச எனக்குத் தெம்பில்லை. இரண்டு என்று சொல்வது சுலபமாக இருந்தது.

இறந்த இரண்டு பேரும் என்னால் இறந்தார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து யூனிட் மறுபடியும் ஓடுகிறது. மேஜைக்கடியில் இருப்பதை உங்கள் ஆட்கள் எடுக்கும்போது திடீரென்று அணைத்துவிடாமல், முதலில் ஃபைபரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நான் இங்கே வந்து உட்கார்ந்த பிறகுகூட இரண்டு முறை போய் வந்திருக்கிறது, போனில் பார்த்தேன். சைரன் அடிக்கவில்லை, ஒருத்தரும் வெயிலில் வந்து நிற்கவில்லை.