சௌந்தரம் டீச்சரின் ஐம்பத்து நான்கு பிள்ளைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் வெங்கடராமன் மாமா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்பவர்களே, தாய்மார்களே, தாய்மார்களின் மடியில் நெளிந்துகொண்டிருக்கும் சௌந்தரம் டீச்சரின் பிள்ளைகளே, மூன்றாவது வரிசையில் தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் ஒரு மணி நேரமாகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் கல்வி இன்ஸ்பெக்டர் நந்தி பாபு அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் வசந்தி. பெத்துராஜ் மளிகைக் கடைக்காரரின் மகள். இந்தப் பெண்ணுக்கு யார் மைக் கொடுத்தது என்று பின்னால் யாரோ கேட்பது காதில் விழுகிறது. தலைவர்தான் கொடுத்தார். ஐந்து நிமிஷம் என்றார். கூடவே, "குறும்பு பண்ணாமப் பேசணும்மா" என்றார். முயற்சி செய்கிறேன், மாமா.

அறுபத்தாறாம் வருஷம், இதே லேக் கார்டன்ஸில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில், பதினொரு பிள்ளைகளோடு டீச்சர் பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்தப் பதினொருவரில் நான் ஒருத்தி. வீட்டுக்காரர் பெயர் சர்க்கார். வாடகை வாங்காத புண்ணியவான். டீச்சர் சொல்வார்: "ஒரு சர்க்கார் இடம் கொடுத்துட்டார். இன்னொரு சர்க்கார்தான் பாக்கி."

அந்த இன்னொரு சர்க்காருக்காக அவர் பதின்மூன்று வருஷம் காத்திருந்தார். சும்மா காத்திருந்தாரா? கூட்டல் சொல்லிக்கொடுத்தார், பிறகு விளக்குமாறு எடுத்துக் கூட்டினார். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பெருக்கினார். ஆயா வைக்க வசதி இல்லை. கடைக்காரர் பிள்ளை வந்தது, ரயில்வே குமாஸ்தா பிள்ளை வந்தது, பாத்திரம் தேய்க்கிற வங்காளி அம்மாளின் பிள்ளை வந்தது. எந்தப் பிள்ளையையாவது இடமில்லை என்று திருப்பி அனுப்பினாரா? ஒன்றையும் அனுப்பவில்லை. பதினொன்று ஐம்பத்து நான்கு ஆனது. கார் ஷெட் மட்டும் கார் ஷெட்டாகவே இருந்தது.

ஐம்பத்து நான்கு பேர் அதற்குள் எப்படி அடங்கினோம் என்று கேட்பீர்கள். அடங்கவில்லை. பாதிப் பேர் உட்கார்ந்து எழுதுவோம், பாதிப் பேர் சுவரோரம் நின்று பாடுவோம். பாட்டு முடிந்ததும் நின்றவர் உட்கார வேண்டும், உட்கார்ந்தவர் நிற்க வேண்டும். பாட்டு என்பதே இடம் மாறுவதற்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், எல்லோரும் உட்கார்ந்தே பாடிய பிரேயர் பாட்டு முடிந்ததும் நான் மட்டும் எழுந்து நின்றேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் திட்டு அதற்குத்தான்.

போன வருஷம் நல்ல செய்தி வந்தது. நம் நகரம், சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளை விரிவுபடுத்த டெல்லியிடம் மானியம் கேட்கிறது. எந்தப் பள்ளிக்கு அறை தேவை என்று இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் பட்டியல் எழுதுவார். டீச்சர் கேட்டது இரண்டு அறை, ஒரு கழிப்பறை. அவ்வளவுதான்.

டிசம்பரில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் சங்கத்தில் ஒரே கவலை. வெங்கடராமன் மாமா எங்கள் கடையில் நின்று என் அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"இவ்வளவு கூட்டத்தைப் பார்த்தா, இது பள்ளிக்கூடமா சந்தையான்னு கேட்டு, பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவான், பெத்துராஜ். பேரே நந்தி. குறுக்கே நிக்கறதுக்குன்னே வரான்."

மன்னிக்க வேண்டும், மாமா. அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அதைக் கேட்டுவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இன்று சொல்கிறேன். அன்று எனக்கு லீவு. டீச்சர் இன்ஸ்பெக்டரை அழைத்து வர டிராம் நிறுத்தத்துக்குப் போனார். "அரை மணி பார்த்துக்கோடி" என்று பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போனார். நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் என்ன செய்வோம்? பழைய மூட்டை, கிழிந்த பாய், எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம். நான் முப்பது பிள்ளைகளைத் தள்ளினேன். பின்வாசல் வழியாக லேக் கரைக்குக் கூட்டிப் போய், ஆளுக்கொரு பொட்டலம் ஜால்முரிப் பொரி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். மீதி இருபத்து நான்கு பேர் கார் ஷெட்டில் வரிசையாக, அழகாக, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கூட்டியதை எல்லாம் நான் ஒரே நாளில் கழித்துவிட்டேன்.

நந்தி பாபு வந்தார். எண்ணினார். இருபத்து நான்கு. "இன்னும் முப்பது பேர் இருக்காங்க" என்றார் டீச்சர். அவர் சிரித்து, "எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள், திதிமணி" என்றாராம், வங்காளிகள் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி. ஆனாலும் நல்ல மனுஷர். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் போகட்டும் என்று நான் லேக் கரையில் காத்திருந்தேன். நாங்கள் வரட்டும் என்று அவர் கார் ஷெட்டில் காத்திருந்தார்.

'இருக்கும் இடம் போதுமானது' என்று எழுதிவிட்டுப் போனார். பார்த்ததைத்தான் எழுதினார். அவர் மீது என்ன தவறு?

நான் ஜெயித்துவிட்ட பெருமையோடு திரும்பி வந்தேன். டீச்சர் யாரையும் விசாரிக்கவில்லை. ஒரு பிள்ளையின் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். பொரியில் கலந்த கடுகெண்ணெய். நம் வீடுகளில் எந்தச் சமையலில் கடுகெண்ணெய் இருக்கிறது?

"எங்கே போனீங்கடி?" என்றார்.

நாலு வயசு அலமு சொன்னாள்: "லேக்குக்குப் போனோம்னு வசந்தியக்கா சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வை இல்லை.

நம் கமிட்டி கூடி, ஏன் பிள்ளைகளை வரவழைக்கவில்லை என்று டீச்சரைக் கேட்டது. ஞாபகம் இருக்கிறதா? சில பேர் கடுமையாகவே கேட்டீர்கள். "அன்னைக்கு வருகை குறைச்சல். என் கவனக்குறைவுதான்" என்றார். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம்டி. பதினாறு வயசுப் பொண்ணு பேரு கவர்மெண்ட் பேப்பர்ல இப்படி ஏற வேண்டாம். நான் மனு எழுதிக்கறேன்" என்றார்.

எழுதினார். ஒரு மனு, பதில் இல்லை. இரண்டாவது மனு, 'ஏற்கெனவே பார்த்தாயிற்று' என்று பதில். போன மாதம் மூன்றாவது மனுவை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்த மத்தியானம், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

டைப் அடித்த அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நகரத்தின் பட்டியல் வருகிற வெள்ளிக்கிழமை டெல்லிக்குப் போகிறது.

அந்த அம்மாள் என் பெயரைக் காப்பாற்றினார். அதற்காக அவருடைய இரண்டு அறையை இழந்தார். இனியும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

நம் சங்கத்துக் கோமதி அக்கா நாளை முதல் பாடம் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். தினம் காலையில் ஷெட்டைக் கூட்டிப் பெருக்குவது என் பொறுப்பு. கல்லூரிக்குப் போனாலும் செய்வேன். ஒரு பிள்ளையையும் இடமில்லை என்று திருப்ப மாட்டோம். யார் வந்து பார்த்தாலும் இனி ஒரு பிள்ளையையும் மறைக்க மாட்டோம். இது டீச்சரின் படத்துக்கு முன்னால் நாங்கள் சொல்லும் சொல்.

இவ்வளவும் தமிழில் சொல்லிவிட்டேன். தமிழில் சொல்வது சுலபம். கேட்க வேண்டியவருக்குப் புரியாது. இப்போது இதையே வங்காளத்தில், நந்தி பாபுவின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். அப்பா, நீங்கள் எழுந்து வர வேண்டாம். சொல்லி முடித்ததும் அவர் என்ன எழுதினாலும் சரி, என் பெயரையும் சேர்த்தே எழுதட்டும்.

அதற்கு முன்னால், டீச்சரின் பிள்ளைகளே, மடியிலிருந்து இறங்குங்கள். அலமு, நீயும்தான். பாட்டு முடிந்துவிட்டது. எல்லோரும் சுவரோரம் வரிசையாக நில்லுங்கள். பெரியவர்களே, கொஞ்சம் வழி விடுங்கள், அவருக்கு மறைக்கிறது.

நந்தி பாபு, எண்ணிக்கொள்ளுங்கள்.