ஹில்டெகார்ட் தயாரா?

பக்கத்து அறையில் ஒன்பது கட்டைகளும் ஒரே உருட்டில் விழுந்தன. சுவர் அதிர்ந்தது. மேசை மேலிருந்த பீர் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. யாரோ ஒருவர் சந்தோஷத்தில் ஊளையிட்டார்.

அந்த மதுக்கடையின் பின்னறையை எங்கள் சங்கத்துக்கு இலவசமாகத் தருகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் கூடம் என்பதால் வேறு யாருக்கும் அது வேண்டாம். ஆகவே சத்தத்தைப் பற்றி நாங்கள் குறை சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது நான் ஹில்டெகார்டின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஹில்டெகார்ட் ஒரு பெண் பச்சோந்தி. நான் எக்பெர்ட். மரச்சாமான் கடையில் முப்பது ஆண்டு சோபா விற்று ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்ப் பச்சோந்தி வளர்ப்போர் சங்கத்தில் நான்தான் பரிசோதகர். எந்தப் பச்சோந்திக்கு உடம்பு சரியாக இருக்கிறது, எது ஜோடி சேரத் தயார் என்று தீர்ப்புச் சொல்வது என் பொறுப்பு. தயார் என்றால் மேசையை இரண்டு முறை தட்டுவேன். இல்லை என்றால் ஒரு முறை. எனக்கு முன்னால் இருந்தவர் மயோர்காத் தீவில் வெயில் காயப் போய், திரும்பி வரவில்லை. அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் மேசையைத் தட்டி என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் சங்கப் பதவிகள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்புகின்றன.

இந்த வேலையை நான் அக்கறையோடு செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண் உருண்டு துருத்திக்கொண்டிருக்க வேண்டும். குழி விழுந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழல வேண்டும். கால் எலும்பு வளைந்திருக்கக் கூடாது. விரலில் ஏற்றினால் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். வெட்டுக்கிளியைக் காட்டினால் நாக்கு குறி தப்பாமல் பாய வேண்டும். இதிலெல்லாம் நான் ஒரு முறைகூடத் தவறியதில்லை. என் கைகள் நேர்மையானவை.

ஜோடி சேர்ப்பது வேறு விஷயம். பெண்ணுக்கு மனம் இருக்கிறதா என்பதை அவள் தோலே சொல்லிவிடும். ஆணைத் தூரத்தில் வைத்துக் காட்ட வேண்டும். சம்மதம் என்றால் பழுத்த பீச் பழம் போல வெளிறிய இளஞ்சிவப்பில் அப்படியே இருப்பாள். வேண்டாம் என்றால் மேனி முழுக்கப் பழுப்பு ஏறி, நடுவே ஆரஞ்சுப் பட்டைகள் எழும். வயிற்றில் முட்டை இருந்தாலும் அப்படித்தான். மிக அழகான காட்சி என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது.

நான் பார்த்ததில்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி.

இது என் மனைவி இர்ம்கார்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். "ஒரு கால்ல சிவப்பு, ஒரு கால்ல பச்சை. சிக்னல் கம்பம் மாதிரி எங்க கிளம்பிட்ட?" என்று காலையில் வாசலில் நிறுத்திக் காலுறையை மாற்றச் சொல்வாள். மற்றபடி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சோபாக் கடையில்கூடத் தெரியாது. வாடிக்கையாளரிடம், "எந்த நிறம் உங்க மனசோட பேசுது?" என்று கேட்பேன். அவர்கள் எதையாவது தொடுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, "அருமையான தேர்வு" என்பேன். முப்பது ஆண்டு ஓடிவிட்டது.

சங்கத்திலும் அதையேதான் செய்தேன். பச்சோந்தியைப் பார்ப்பது போல நின்று உரிமையாளரின் முகத்தைப் பார்ப்பேன். தன் பச்சோந்தியின் நிறம் அவருக்குத் தெரிகிறது. அது அவர் முகத்தில் தெரிகிறது. அதை நான் படிக்கிறேன். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. செய்தி கொஞ்சம் சுற்றி வருகிறது, அவ்வளவுதான்.

முகம் படிக்கப் பயிற்சி வேண்டும். எங்கள் தலைவர் டெட்லெஃப் தன் பச்சோந்தி தயார் என்று நினைத்தால் இரண்டு புருவங்களையும் நெற்றியின் நடுப்பகுதி வரை தூக்குவார். சாதாரணக் கண்ணுக்கு இது படாது. ரோஸ்விதா உதட்டைக் குவித்து மெல்லத் தலையாட்டுவார். அன்ஸ்கார் என்னும் பழைய உறுப்பினர் கன்னத்தை உப்புவார். ஒரு முறை அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நரம்புக் கோளாறாக இருக்கும் என்று நினைத்து அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சில தவறுகள் நேர்ந்தன, மறுக்கவில்லை. அன்ஸ்காருக்காக நான் இரண்டு முறை தட்டிய ஒரு ஜோடியில் இரண்டுமே ஆண் என்று பிறகு தெரிந்தது. ஆண் எது, பெண் எது என்று தெரியாதது அவருடைய குறை. இரண்டும் ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. ரோஸ்விதாவின் பெண் பச்சோந்தி ஒன்று தன் மாப்பிள்ளையின் காதைக் கடித்தது என்றார்கள். பச்சோந்திக்குக் காது வெளியே இல்லை என்பதால் அந்தப் புகாரை நான் ஏற்கவில்லை.

பிறகுதான் வீப்கே சேர்ந்தார்.

வீப்கே நகர மன்றத்தில் திருமணப் பதிவாளர். மாப்பிள்ளைக்கு எண்பது, பெண்ணுக்கு முப்பது என்றாலும், மாப்பிள்ளை பாதியில் எழுந்து ஓடினாலும், முகத்தில் ஒரு கோடு அசையாமல் அடுத்த வரியை வாசிக்கத் தெரிந்தவர். அன்று ஹில்டெகார்டை ஒரு துணிக்கூடையில், அடியில் வெந்நீர்ப் பை வைத்துக் கொண்டுவந்தார்.

"இவளுக்கு உடம்பு தாங்குமான்னு மட்டும் சொல்லுங்க," என்றார். "குட்டிங்க வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் பரவாயில்ல. வீட்டுக்குப் போனா எனக்கு இவ இருக்கணும், அதான் வேணும்."

"கவலையே படாதீங்க. எக்பெர்ட் கை வெச்சா தப்பாது," என்றார் டெட்லெஃப். மாப்பிள்ளை அவருடையது. பெயர் கைசர். கண்காட்சிகளில் பரிசு வாங்கியவன். அவனுக்கு வாரிசு வேண்டும் என்று டெட்லெஃப் ஒரு வருடமாக அலைந்துகொண்டிருந்தார்.

கண், கால், பிடி, நாக்கு எல்லாம் பார்த்தேன். நன்றாக இருந்தாள். வயிற்றைத் தடவினேன். சற்று உருண்டையாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என் கை அவள் வயிற்றில் இருந்தபோதே டெட்லெஃப் கைசரைக் கிளையோடு உயர்த்திக் காட்டினார். அதே நொடியில்தான் பக்கத்து அறையில் கட்டைகள் விழுந்தன. எங்கள் அறையில் எல்லோரும் ஒருசேர மூச்சை உள்ளே இழுத்தார்கள். கட்டைகளுக்காக என்று நினைத்தேன்.

வீப்கேயின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவரைப் பார்ப்பது போல இருந்தது. கொஞ்சம் காத்திருந்தேன். கண் இமைத்தார்; அது எல்லோரும் செய்வதுதான். வேறு வழியில்லாமல் டெட்லெஃபின் முகத்தைப் பார்த்தேன். புருவங்கள் தலைமுடியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

மேசையை இரண்டு முறை தட்டினேன்.

கைசரின் கூண்டில் ஹில்டெகார்டை விட்டார்கள். கைசர் உடம்பை உப்பிக்கொண்டு, தலையை ஆட்டியபடி, மணமேடைக்கு வருவது போல வந்தான். ஹில்டெகார்ட் வாயைப் பிளந்தாள். முன்னங்காலில் ஒரு கடி. கைசர் திறந்திருந்த கதவு வழியாக வெளியே பாய்ந்தான், மேசை விளிம்பில் தொங்கினான், பிறகு ரோஸ்விதா கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு சாலட்டில் விழுந்தான்.

"கைசர்! சாலட்ல வெங்காயம் போட்டிருக்கியா ரோஸ்விதா? அவனுக்கு வெங்காயம் ஆகாது!"

"என் சாலட்டுக்குப் பச்சோந்தி ஆகுமான்னு யாராவது கேட்டீங்களா?"

கொண்டையில் மயோனைஸோடு கைசரைத் தூக்கினார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அவனைச் சுற்றி நின்று துடைத்துக்கொண்டிருந்தபோது, ஹில்டெகார்ட் கூண்டின் தரையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பட்டப்பகலில் பச்சோந்தி கண்ணை மூடினால் அது தூக்கம் இல்லை. வீப்கே அவளைக் கூடையில் வைத்து, வெந்நீர்ப் பையைச் சரிசெய்து வெளியே போனார்.

மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"டாக்டர் எக்ஸ்ரே எடுத்தாரு. வயிறு பூரா முட்டை. ஆண் சேராமலே போடற முட்டையாம். பயத்துல அத வெளிய தள்ளாம அடக்கி வெச்சுட்டா உயிருக்கே ஆபத்துன்னாரு. நீங்க வயித்தத் தடவினீங்களே."

"தடவினேன்," என்றேன்.

"இங்க வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீப்கேயின் சமையலறையில் ஈர மணல் நிரப்பிய ஆழமான வாளி ஒன்று இருந்தது. உள்ளே ஹில்டெகார்ட். மனிதர்கள் பார்த்தால் பச்சோந்தி குழி தோண்டாது, தோண்டாவிட்டால் முட்டையிடாது. ஆகவே வீப்கே அறையின் குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர், ஒன்றில் நான். வேலைக்குப் போகும் நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மதியம் ஒரு கல்யாணம் இருந்ததாம். இரண்டு பேரும் கிசுகிசுவென்றுதான் பேசினோம்.

"தடவினப்ப உங்க முகம் மாறிச்சு," என்றார் வீப்கே. "நான் பாத்தேன். அப்புறம் டெட்லெஃபப் பாத்தீங்க. அப்புறம் தட்டினீங்க. மனசில்லாம 'சம்மதம்'னு சொல்றவங்கள வாரா வாரம் பாக்கறவ நான். அது என்ன முகம்னு எனக்குத் தெரியாதா?"



ஆம், என் விரலுக்கடியில் திராட்சைக் குலை போல முட்டைகள் தட்டுப்பட்டன. அவை என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு முறை தட்டியிருந்தால் போதும், ஹில்டெகார்ட் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் புருவங்கள் தயார் என்றன. இத்தனை ஆண்டுகளும் நான் முகங்களை நம்பித்தான் தட்டினேன். அன்று மட்டும் கைகளை நம்பியிருந்தால், அதற்கு முன் தட்டியதெல்லாம் என்ன என்ற கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வியை விட ஒரு பச்சோந்தி சின்னது என்று எனக்குத் தோன்றியது. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டதால் சொல்கிறேன்.

வீப்கேயிடமும் இப்படியே சொன்னேன். நிறம் தெரியாததையும் சொன்னேன். அவர் விரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ பொழச்சாலும் பொழைக்கலைன்னாலும் அடுத்த கூட்டத்துல நீங்க எழுந்து எல்லார் முன்னாடியும் சொல்லணும்," என்றார்.

"சொல்றேன்."

"ஷ்ஷ்."

விரிப்புக்கு அப்பால் மணல் சரியும் சத்தம் கேட்டது. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. வீப்கே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி கெட்டியாக இருந்தது, நல்ல ஆரோக்கியம். அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, கல்யாணத்தை வேறு ஒருவரை நடத்தச் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் யாரென்று நான் கேட்கவில்லை.

மாலையில் விரிப்பை விலக்கினோம். குழி மூடப்பட்டு, மேலே மணல் நன்றாக மிதித்துத் தட்டையாக்கப்பட்டிருந்தது. ஹில்டெகார்ட் மூக்கெல்லாம் மண்ணோடு, வயிறு ஒட்டிப்போய், வாளியின் விளிம்பைப் பிடித்து நின்றாள். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழன்றன. வீப்கே சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீர் கொடுத்தார். குடித்தாள், மறுபடியும் கேட்டாள். அப்போது வீப்கேயின் முகம் மாறியது என்று நினைக்கிறேன். என்னால் பார்க்க முடியவில்லை. அவர் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் என் சாக்ஸ் இரண்டும் ஒரே நிறம். இர்ம்கார்ட் பார்த்து அனுப்பியிருந்தாள். வீப்கே எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பந்து உருட்டுபவர்கள் அன்று சீக்கிரம் போய்விட்டதால் அறை அமைதியாக இருந்தது. எழுந்து நின்று, உங்களிடம் இப்போது சொன்னது அத்தனையும் சொன்னேன். நிறம் தெரியாததையும், முகம் படித்ததையும், முட்டைகளையும். ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி இத்தனை காலம் நடத்தியது சுலபமில்லை என்பதையும் சொன்னேன். சங்கத்தைவிட்டு நீக்கினால் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

யாரும் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. அதிர்ச்சியில் இப்படி உறைந்துவிடுவார்கள் என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். அன்ஸ்கார் தன் பீரின் நுரையை ஆராய்ந்தார். டெட்லெஃப் தன் புருவங்களை என்ன செய்வதென்று தெரியாதவர் போல நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் ரோஸ்விதாதான் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் டெட்லெஃப், எக்பெர்டுக்கு முன்னாடி மூஞ்சிய எப்படி வெச்சுக்கணும்னு புதுசா சேர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறது தலைவர் வேலைதானே, இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் சொல்லிக்குடுக்காம விட்ட?"