செய்தி வராத பெட்டி

வெளித் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, சார். எங்கே வேலைக்குப் போனாலும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோவேன்.

அந்த முதியோர் இல்லத்தில் கம்ப்யூட்டரும் குடிதண்ணீர்த் தொட்டியும் என் பொறுப்பு. வடிகட்டியும் தொட்டி மூடியும் எப்படி இருக்கின்றன என்பதை ஒரு கருவி லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரையின் மூலையில் உள்ள கன்சோல் என்ற செய்திப் பெட்டியில் அது வரிவரியாக வர வேண்டும்.

"ரெண்டு மாசமா பெட்டி காலியாவே கிடக்குதுப்பா, என்னன்னு பாரேன்," என்றார் இல்லத்து நர்ஸம்மா.

கோளாறு சின்னதுதான். கன்சோலைப் படிக்க அவருடைய கம்ப்யூட்டர் கணக்குக்கு அனுமதி இல்லை. புதிய பதிப்பை ஏற்றியபோது நான் கொடுக்க மறந்திருந்தேன். கொடுத்ததும் செய்தி கொட்டியது: வடிகட்டி நின்று அறுபத்தொரு நாள். தொட்டி மூடி திறந்திருக்கிறது.

மாடிக்குப் போனேன். தண்ணீர்மேல் ஏடு கட்டியிருந்தது. ஒரு பெருச்சாளி ஊதி வெடித்து, தோல் தனியாக, மயிர் தனியாக மிதந்தது. குழாய் வாயில் அதன் கொழுப்பு வெள்ளையாக அப்பியிருந்தது. என் விரலில் பட்ட வழவழப்பு மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

சொன்னால் இருபத்திரண்டு பேரும் குமட்டியே செத்துவிடுவார்கள் என்று தோன்றியது. வயதானவர்கள், பாவம். என் வேலையும் போயிருக்கும், ஆனால் அதை நான் பெரிதாக எண்ணவில்லை. சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டால் காரணம் கேட்பார்கள். நாற்றம் வெளியே வராமல் மூடியை இறுக மூடினேன். கீழே வந்து, கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்தேன்.

"மறுபடி காலியாயிடுச்சே? நான் படிக்கவே இல்லையே," என்றார் நர்ஸம்மா.

"சொல்ல ஒண்ணுமில்லன்னு அர்த்தம்க்கா."

அங்கே டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் தங்கியிருந்தார். கண் கூர்மை. "எழுத்து வந்துச்சே தம்பி, நான் பார்த்தேன். எங்க ஆபீஸ்ல வந்த தாளைப் படிக்காம போட்டா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"அது பழைய செய்திம்மா."

"நானும் பழசுதான். என்னையும் அழிச்சிடாதே," என்று சிரித்தார்.

நான்காம் நாள் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் டாக்டர். கை போதவில்லை என்று நானும் நின்று டம்ளர் டம்ளராகப் புகட்டினேன். ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசியில் டைப்பிஸ்டம்மா. "இது நாறுதுப்பா. உன் பாட்டில்லேருந்து ஒரு வாய் ஊத்தேன்," என்றார்.

பாட்டிலைத் திறந்தால் ஏன் என்று கேட்பார்கள். குழாய்த் தண்ணீரையே பிடித்துவந்து, நாற்றம் தெரியாமலிருக்க அவர் மூக்கைப் பொத்திப் புகட்டினேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி நேரத்தில் அவரைக் கவனிக்க ஆளில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது என் கைதான்.