அரக்கன் வேசமும் வறுத்த சோயாவும்

அதெல்லாம் சரி தம்பி, ஷூவக் கழட்டிட்டு வந்து பேசுங்க. அரக்கனப் பிடிக்கிற ஆபீஸா இருந்தாலும் பாய் என்னோடதுல்ல?

எங்க வீட்டுக்காரரு அரக்கனா? நல்லாக் கண்டுபிடிச்சீங்க போங்க. கரப்பான்பூச்சியப் பாத்தா நாற்காலி மேல ஏறி நிக்கிற மனுசன். மீன்ல முள்ளு இருந்தாலே என் தட்டுக்குத் தள்ளிவிடுவாரு. அவரு ஆளக் கடிச்சுத் திங்கிறாராக்கும்.

என்ன ஆதாரம்? ஓ, பாலர் பள்ளி முகமூடியா. வருசா வருசம் குளிர் முடியிறப்ப பிள்ளைங்க வறுத்த சோயாவ எறிஞ்சு அரக்கன விரட்டுதுங்க, யாராவது ஒரு அப்பா முகமூடி மாட்டிக்கிட்டு அடி வாங்குறாரு. இந்த வருசம் எங்க வீட்டுக்காரரு ஷூகோ முறை. முகமூடிக்குள்ள வெந்த தோலு ஒட்டியிருந்துச்சு. சோயா பட்டா அரக்கன் தோலுதான் வேகும். அதுவரைக்கும் உங்க மூளை ஒழுங்காத்தான் ஓடியிருக்கு.

அவரே ஒத்துக்கிட்டாரா? ஆமா, நானுந்தான் பாத்தேன். காலைல நீங்க கதவத் தட்டுனதும், அவரு வச்ச மிசோ சூப்ப என் முன்னாடி வச்சிட்டு, நான்தான் அரக்கன்னு விலங்குக்குக் கைய நீட்டுனாரு. நீங்களும் வேன்ல ஏத்திட்டீங்க. மூஞ்சில ஒரு கொப்புளங்கூட இல்லையே? ஆறியிருக்குமா. எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க.

சாயங்காலமே அவரு தலைய வெட்டிருவீங்களா? நல்ல வேகம். தெருவிளக்கு மாத்தச் சொன்னா மட்டும் ஆடி அசைஞ்சு வருவீங்க.

ஒண்ணு கேளுங்க தம்பி. அரக்கன் வேசம்னா அப்பாதான் கட்டுவாருன்னு இந்த ஊருல எல்லாருக்கும் நெனப்பு. அன்னிக்கு அவருக்கு இடுப்புப் பிடிப்பு, எந்திரிக்கவே முடியல. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்குமேன்னு அவரு சட்டையப் போட்டுக்கிட்டு நான் போனேன். சோயா சுடும்னு தெரியும். தெரிஞ்சுதான் போனேன்.

கல்யாணமான நாள்லேர்ந்து நான் யாருங்கிறத அவருக்குத் தெரியாம மறைச்சுட்டேன்னு பெருமையா இருந்தேன். அவரு கைய நீட்டுனப்பதான் புரிஞ்சுது, அவருக்கு எப்பவோ தெரியும். பாவி மனுசன்.

இடுப்புக் கத்தியிலேர்ந்து கைய எடுங்க. போன எடுத்து, அவர இறக்கிவிடச் சொல்லுங்க. இத்தன வருசமா அவரு வைக்கிற சூப்புலயே என் பசி அடங்கிருச்சு. இன்னிக்கு அந்தக் கிண்ணம் அப்படியே ஆறிக் கெடக்கு. நான் இன்னும் சாப்பிடல.